ரிவர்ஸ்டன் மலைச்சரிவும் குடிநீர்க் காவலும்

மாத்தளை நகரை நீங்கி இரத்தோட்டை வழியாகக் கிழக்கு நோக்கி ஏறும் மலைப்பாதை, பல வளைவுகளைக் கடந்து ரிவர்ஸ்டன் உச்சியை அண்டிச் செல்கின்றது. தும்பறை மலைத்தொடர் எனச் சிங்கள மக்களும், மடித்த கையின் விரல்மூட்டுகளை ஒத்த அதன் தோற்றம் பற்றி நக்கிள்ஸ் என ஆங்கிலேயரும் பெயரிட்டழைத்த மலைத்தொகுதியின் வடபாகத்திலே இவ்விடம் அமைந்துள்ளது. இங்கு வீசும் கடுங்காற்றினால் மரங்கள் ஓங்கி வளராது குறுகிக் குட்டைக்காடாய் நிற்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி மூடுபனி அகலுவதில்லை. மேற்கே இரத்தோட்டைப் பக்கம் ஈரவலயத்தைச் சார்ந்தது. கிழக்கே இலுக்கும்புர, பிட்டவல பத்தன, லக்கலை, அதற்கப்பால் வில்கமுவ என இறங்க இறங்க நிலம் வறண்டு உலர்வலயமாகி விடுகின்றது. ஒரு காலைப் பொழுதுக்குள் இரு வேறு நாடுகளைக் கண்டாற் போன்ற உணர்வை இப்பாதை தருமென்று கூறின் அது மிகையாகாது.

மேற்குச் சரிவின் நீர் சுது கங்கை வழியாகவும், கிழக்குச் சரிவின் நீர் தெல்கமு ஓயா, களு கங்கை ஆகியவற்றின் வழியாகவும் சென்று அம்பன் கங்கையை அடைந்து, ஈற்றில் மகாவலியுடன் கலக்கின்றது. (களுத்துறையிலே கடலிற் கலக்கும் களு கங்கை வேறு, பெயரொற்றுமை கண்டு மாணவர் மயங்குதல் கூடாது.) ஆயினும், இச்சரிவுகளில் வாழ்வோர் ஆற்று நீரைப் பெரிதும் பருகுவதில்லை. அவர் பருகுவது ஊற்று நீர். படிகப்பார், சலவைக்கல், கருங்கல் இனங்களாலான தொல்பாறையின் வெடிப்புகளிலும், அப்பாறை சிதைந்து உண்டான தடித்த மண்போர்வையிலும் மழைநீர் இறங்கித் தங்கி, சரிவின் ஓரிடத்திலே மீண்டும் வெளிப்படுகின்றது. எனவே ஊற்று என்பது நிலத்தடி நீரேயன்றிப் பிறிதன்று. கிணறு தோண்டி மனிதன் அதனைத் தேடிச் செல்கின்றான். மலையில் அது மனிதனைத் தேடி வருகின்றது. வேறுபாடு அவ்வளவே.

அவ்வாறு வெளிப்படும் நீரை மூங்கிற் குழாயாலோ, மரப்பட்டையாலோ, பிற்காலத்தில் இரும்புக் குழாயாலோ ஏந்தி விழச் செய்தனர். மலையகத் தமிழர் இதனைப் பீலி என்பர். குளிப்பதும், துவைப்பதும், குடத்தில் ஏந்திக் குடிக்க எடுப்பதும் பீலிக்கரையிலேதான். பீலித் தண்ணீர் தெளிந்தது, குளிர்ந்தது, ஓடிக்கொண்டிருப்பது. ஆதலால் நல்லது என்பது தலைமுறைகளாக வந்த நம்பிக்கை. கண்ணும் நாவுமே அந்நாளைய பரிசோதனைச் சாலை. அந்நம்பிக்கை முற்றும் பிழையன்று. ஆனால், எந்நீர் நல்லநீர் என்பதை யார் தீர்மானித்தனர், எவர் நன்மை கருதித் தீர்மானித்தனர் என்ற வினாவை எழுப்பி இச்சரிவின் வரலாற்றை நோக்குவோமாயின், குடிப்பவன் அக்கணக்கிலே எப்பொழுதும் கடைசியாகவே எண்ணப்பட்டான் என்பது புலனாகும்.

மாத்தளைப் பகுதியில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்களை விரைந்து திறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியின் இறுதியிலாகும். அத்தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளர் தமிழகத்தினின்று கடல் கடந்து மன்னாரிற் கரையேறி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாய் மாத்தளையை அடைந்தனர். காடும் வறட்சியும் நிறைந்த அவ்வடபாதையில் வழியோரக் குளங்களிலும் குட்டைகளிலும் அகப்பட்ட நீரைப் பருகிய பலர் வாந்திபேதியால் மாண்டனர். மாண்டவர் தொகை பற்றி அக்காலத்திலேயே வாதம் நிகழ்ந்தது. இன்றும் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. தொகை எதுவாயினும், அந்நோய் நீரினால் வருவதென்று அவருக்கு எடுத்துரைக்க அன்று எவருமிலர். இலண்டன் மாநகரில் ஜோன் சினோ என்னும் மருத்துவர் ஒரு தெருக்குழாயையும் வாந்திபேதியையும் இணைத்துக் காட்டியது 1854 ஆம் ஆண்டில். கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே அந்நோய்க் கிருமியை ரொபேட் கொக் கண்டது 1884 இல். அதற்குள் கோப்பிக்காலமே முடிவெய்தி விட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதமும் வந்தது.

இதற்கிடையே, 1873 இல், இம்மலையின் நீருக்கு நன்மை பயந்த ஒரு தீர்மானம் எடுக்கப்பட்டது. கியூ தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த ஜோசப் ஹுக்கரின் ஆலோசனைப்படி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் வெட்டுவதும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. காட்டை அழித்தால் மழையும் அருவியும் குன்றும், அதனாற் பயிர்த்தொழில் கெடும் என்பதே அத்தடைக்குக் கூறப்பட்ட நியாயம். லயத்திலே வாழ்ந்தவனின் குடம் அந்நியாயத்தில் இடம்பெறவில்லை. எனினும், ஊற்றுக்கு மேலுள்ள காடு நின்றபடியாற் குடமும் நிறைந்தது. ஒருவர்க்கெனச் செய்த நன்மை வேறொருவர்க்கு வாய்ப்பது வரலாற்றில் அரிதன்று. அதே காடு 2000 ஆம் ஆண்டிலே பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அப்பொழுதும் முதன்மையாகப் பேசப்பட்டவை அருந்தாவரங்களும் உயிரினங்களுமே.

மாத்தளை மாவட்டத்திற்குப் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. அமெரிக்க நாட்டு ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு, கொளுக்கிப்புழு நோயை ஒழிக்கும் இயக்கம் இலங்கையிலே முதன்முதல் தொடங்கப்பட்டது மாத்தளைத் தோட்டங்களிலேயாம். ஆண்டு 1916. இப்புழு குடிநீராற் பரவுவதன்று. மலம் கலந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவது. ஆயினும் நீரின் வரலாற்றிற்கு இவ்வியக்கம் மிக நெருங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். மலசலகூடமற்ற லயத்திற்கு அவர்கள் திரும்பியதும் புழு மீண்டும் பற்றியது. மருந்து மட்டும் போதாது, மலத்தை மண்ணினின்றும் பிரிக்க வேண்டும் என்னும் பாடம் அவ்வாறு கற்கப்பட்டது. மலசலகூடம் கட்டும் செலவை யார் ஏற்பது என்பதிலே தோட்டத்துரைமார் காட்டிய தயக்கமும் அவ்வரலாற்றின் பகுதியே. இரத்தச்சோகையுற்ற தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பான் என்ற கணக்கு அவரைச் சிறிது அசைத்தது எனலாம். சரிவின் மேலே மலம் கிடந்தால் அது கீழேயுள்ள பீலியைச் சேரும் என்ற எண்ணம் அக்கணக்கில் இருந்ததாகத் தோன்றவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் நிலை மாறியிருக்க வேண்டும். மாறியது, ஆனால் ஒரே சீராக அன்று. 1974 இன் சட்டத்தின்படி தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அமைந்தது. நகரங்கள் அதன் குழாயைப் பெற்றன. மலைச்சரிவுக் கிராமங்கள் பெரும்பாலும் தம் ஊற்றுகளையே நம்பியிருந்தன. தோட்டங்களின் நிலை இன்னும் விசித்திரமானது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தன் முப்பத்துமூன்றாம் பிரிவினால், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணம் செலவாவதைத் தடுத்து நின்றது. பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்த மனிதன் அச்சபையிடம் ஒரு குழாயைக் கேட்க முடியாதவனாயிருந்தான். முப்பத்தோராண்டுகளின் பின், 2018 இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட மக்களின் குடிநீரைப் பற்றி எழுதுவோர் பீலியின் அழகைப் பாடுமுன் அப்பிரிவை ஒருமுறை வாசித்தல் நன்று.

நல்ல நீர் எது என்பதற்கு எழுத்தில் அளவுகோல் வந்ததும் இக்காலத்திலேதான். உலகச் சுகாதார நிறுவனம் 1958 இற் குடிநீர்க்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. இலங்கைத் தரநிலை 614 என்பது 1983 இல் தோன்றி 2013 இல் திருத்தப்பட்டது. நூறு மில்லிலீற்றர் நீரில் ஈ. கோலி எனும் குடற்கிருமி ஒன்றேனும் இருத்தலாகாது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும், புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும், வன்மை 250 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பன அதன் விதிகளுட் சில. கண்ணும் நாவும் இருந்த இடத்தில் இப்பொழுது எண் வந்தமர்ந்தது. எண்ணைக் காண ஆய்வுகூடம் வேண்டும். ஆய்வுகூடத்திற்குப் பணம் வேண்டும். பணத்தை யாரேனும் தர வேண்டும்.

அந்த யாரேனும், சிறு நீர்வழங்கல் திட்டங்களைப் பொறுத்தவரை, குடிப்பவரே ஆயினர். நாட்டின் பல மாவட்டங்களிலும் போல இம்மலைப் பகுதியிலும், கிராமத்தவர் சங்கம் அமைத்துத் தம் நீரைத் தாமே நடத்தும் முறை பரவியது. நாடெங்கும் இத்தகைய சங்கங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்குத் துணைநிற்கவென 2014 இல் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டது. திட்டத்தின் அமைப்பு எளியது. ஊற்றின் கண்ணை மூடி ஒரு சீமெந்துப் பெட்டி. அதிலிருந்து சரிவு வழியே இறங்கும் குழாய். ஊருக்கு மேல் ஒரு தாங்கி. அங்கிருந்து வீடுகளுக்குக் கிளைக்குழாய்கள். நீரை ஏற்றப் பொறி வேண்டியதில்லை. மலையின் உயரமே பொறியாகின்றது. மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு எனப் பணம் திரட்டிப் பராமரிப்பவர் ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு தருவர். உடைந்த குழாயை ஒட்டுவதும், பெட்டியிற் சேர்ந்த இலைகுழைகளை அகற்றுவதும், வெளிற்றும் தூளைக் கரைத்துத் தாங்கியில் இடுவதும் அவர் கடமை.

இவற்றுட் கடைசிக் கடமையே பெரும்பாலும் முதலிற் கைவிடப்படுவது. குழாய் உடைந்தால் ஊரே அறியும். குளோரீன் இடாவிடில் எவரும் அறியார். மணமில்லாத நீரைக் கண்டு மகிழ்வோர்கூட உளர். குளோரீன் கலந்தபின் அரைமணி நேரமாவது நீர் தங்கியிருத்தல் வேண்டும். அதன் பின்னும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவேனும் எஞ்சிநிற்றல் வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் அதன் சுவடு இருத்தல் வேண்டும். மழை பெய்து நீர் கலங்கிய நாளில், கலக்கத்திலுள்ள அழுக்கே குளோரீனை உண்டு விடும். எனவே எந்நாளில் அது மிகவும் தேவையோ அந்நாளிலே அதன் வலிமை குன்றுகின்றது. இரு பருவக்காற்றுகளாலும் மழைபெறும் ரிவர்ஸ்டன் சரிவில் அத்தகைய நாள்கள் அநேகம்.

பாறைவெடிப்பின் நீர் தானே வடிகட்டப்பட்டுத் தூயதாகும் என்ற எண்ணம் இங்கு மட்டும் உள்ளதன்று. கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கற்றன் என்பது ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் ஊர். அதன் குடிநீர் சில குழாய்க்கிணறுகளிலிருந்து வந்தது. அவற்றுள் ஐந்தாம் இலக்கக் கிணறு ஆழமற்றது. அது நீரைப் பெற்றதும் வெடிப்புள்ள பாறையினின்றே. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திற் பெய்த பெருமழை, அயற்பண்ணையிலே இடப்பட்ட மாட்டெருவைக் கழுவி அவ்வெடிப்பினூடே கிணற்றிற் சேர்த்தது. ஏழு பேர் இறந்தனர்; 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். இதனினும் சிந்திக்கத்தக்கது பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த செய்தி. நாள்தோறும் அளக்கவேண்டிய குளோரீனை அளக்காமல், அளந்ததாகவே ஏட்டில் எண்களை எழுதி வந்திருந்தனர். எழுதியவர் கொடியவரல்லர், அந்நீரையே அவர்களும் பருகினர். தம் ஊர்த் தண்ணீர் நல்லதென்று உண்மையாகவே நம்பினர். நம்பியபடியால் அளவை வீணென்று கருதினர். 2002 இல் வெளியான நீதிபதி ஓகொனரின் அறிக்கை, அவர்களை மட்டுமன்றி, பரிசோதனைக் கூடங்களைத் தனியாரிடம் விட்டு, ஆபத்தான முடிவுகளை உரியவர்க்கு அறிவிக்கும் கடமையை எவர்மீதும் சுமத்தாத அரசையும் குறைகூறிற்று. விதியும் ஏடும் இருந்தன. ஏட்டுக்கும் நீருக்குமிடையே தொடர்பு இருக்கவில்லை. செல்வம் மிக்க நாட்டில் நேர்ந்தது இது. சம்பளமின்றி ஓய்வுநேரத்தில் உழைக்கும் சங்கச் செயலாளரிடம் நாம் எதனை எதிர்பார்க்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மேற்குச் சரிவின் பகை கிருமியாயின், கிழக்கே இறங்கிச் செல்லச் செல்லப் பகை வேறு உருவம் கொள்கின்றது. வில்கமுவப் பகுதியில் ஊற்றுகள் குறைவு. கிணறும் குழாய்க்கிணறுமே தஞ்சம். உலர்வலயத்திலே நிலத்தடி நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடுகின்றது. வெயில் அதனைச் சுண்டச் செய்கின்றது. அப்பாறையின் கனிப்பொருள்களினின்று கரையும் புளோரைட்டும் வன்மையும் நீரில் மிகுகின்றன. பிள்ளைகளின் பற்களிற் படியும் கபிலநிறக் கறை இதன் வெளிப்படையான அடையாளம். இதற்குமேல், 1990களில் வடமத்திய மாகாணத்திலே முதலில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வில்கமுவவையும் பற்றியது. புளோரைட்டு, வன்மை, களைநாசினி, உலோகங்கள், வெப்பமும் நீர்ச்சத்துக் குறைவும் என ஆய்வாளர் பல காரணங்களை முன்வைத்துள்ளனர். ஒன்றேனும் முடிந்த முடிபாக ஏற்கப்படவில்லை. ஆனால், அந்நோயுள்ள பகுதிகளிலும் இயற்கை ஊற்று நீரைப் பருகுவோரிடையே நோய் குறைவு என்பது பலராற் கூறப்பட்ட அவதானிப்பு. வடபாதையிலே வாந்திபேதிக்கு அஞ்சித் தொழிலாளர் கடந்து சென்ற மதவாச்சி, நூறாண்டுக்குப் பின் இச்சிறுநீரக நோயாற் பெயர்பெற்ற ஊர்களுள் முன்னிற்பது மனத்தை வருத்தும் ஒற்றுமையாகும்.

இப்பகுதிகளில் நுண்சவ்வினூடே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் பொறிகள் கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக நிறுவப்பட்டு வந்துள்ளன. மக்கள் இதனை ஆர்.ஓ. தண்ணீர் என்பர். கலனைக் கொண்டுசென்று லீற்றர்க் கணக்கிற் பணங்கொடுத்துப் பெறுவர். பொறி நல்லது, ஆனால் சவ்வு தேயும், கழுவ வேண்டும், காலத்திற்குக் காலம் மாற்ற வேண்டும். பிரித்தெடுத்த உப்பு மிகுந்த கழிவுநீரை எங்கேனும் விட வேண்டும். அதனைக் கிணற்றுக்கருகில் விட்டால் எடுத்த உப்பு எடுத்த இடத்திற்கே திரும்பும். பொறியை நன்கொடையாக வழங்கும் விழாவிற் படம் பிடிக்கப்படுகின்றது. சவ்வு மாற்றும் நாளில் எவரும் படம் பிடிப்பதில்லை.

யாழ்ப்பாணத்து வாசகர்க்குச் சுன்னாகத்து நிகழ்ச்சி நினைவில் நிற்கும். அங்கே மின்னுற்பத்தி நிலையத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமையை மக்கள் மணத்தாலும் படலத்தாலும் கண்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரலில் வெளியான தீர்ப்பு, தனியார் மின்னுற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றது. சுண்ணாம்புக்கல்லின் கீழுள்ள நீர் அனைவர்க்கும் பொதுவானது என்பதை நாட்டின் மிகவுயர்ந்த மன்றம் ஏற்றமை பெரிய செய்தி. ஆனால் அங்கே சுட்டிக்காட்ட ஒரு எதிராளி இருந்தார். ரிவர்ஸ்டன் சரிவிலே ஊற்றுக்கு மேலே மேய்ந்த மாட்டையோ, பிழையான இடத்தில் வெட்டிய மலக்குழியையோ, சுற்றுலா வந்தவர் அருவிக்கரையில் விட்டுச்சென்ற அழுக்கையோ எந்த மன்றத்தில் நிறுத்துவது? நீர் கெட்டால் வாதியும் பிரதிவாதியும் அதே சங்கத்து அங்கத்தவரே.

ஆதலாற் போலும், இத்தகைய சிறு திட்டங்களில் அநுபவமுள்ளோர் ஆய்வுகூட அறிக்கைக்கு முன்னதாக ஊற்றின் மேற்புறத்தையே நோக்குகின்றனர். பெட்டியின் மூடி இறுகியுள்ளதா, மேலிருந்து வழியும் மழைநீரைத் திருப்பும் வாய்க்கால் உள்ளதா, வேலி நிற்கின்றதா, சரிவின் மேலே புதிய வீடோ விடுதியோ எழுந்துள்ளதா என்பனவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்கும் முதல் வினாக்கள். இவற்றுக்கு விடைகாணப் பணம் வேண்டியதில்லை; ஒருவர் ஏறிச் செல்ல வேண்டும். 1873 இற் பயிருக்காகக் காக்கப்பட்ட அந்தக் காட்டு விளிம்பை இன்று குடத்துக்காகச் சுற்றிவருவது அப்பராமரிப்பாளரின் வேலையாயிற்று.

எனினும் எண்ணும் வேண்டியதே. கிருமிப் பரிசோதனைக்கு எடுத்த நீரைக் குளிர்நிலையில் ஆறு மணி நேரத்துள் கூடத்திற் சேர்த்தல் சிறப்பு. ஒரு நாளுக்கு மேற்படின் முடிவு நம்பத்தக்கதன்று. இலுக்கும்புரவில் விடியற்காலை நிரப்பிய போத்தல், பனிக்கட்டிப் பெட்டியில், பேருந்தின் நேரத்தையும் மலைப்பாதையின் மண்சரிவையும் நம்பி மாத்தளைக்கு இறங்க வேண்டும். இவ்விடர்ப்பாட்டைக் கருதியே, குவாலியரிலுள்ள இந்தியப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மஞ்சா என்பவரும் உடனுழைத்தோரும் 1982 இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாள் ஒன்றைச் சிறு போத்தலில் இட்டு, நீரை நிரப்பி, வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் ஓரிரு நாள் வைத்தாற் போதும். மலக்கிருமிகளுடன் வாழும் நுண்ணுயிர்கள் நீரில் இருப்பின் அது கறுத்துவிடும். எத்தனை கிருமி என்பதை அது கூறாது. அனைத்தையும் கூறும் என்று அதன் ஆசிரியரும் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் வாசிக்கக் கூடிய விடை அது. கறுத்த போத்தல் சங்கக் கூட்டத்து மேசையில் வைக்கப்பட்டால், மறுநாட் காலை பெட்டியைத் திறந்து பார்க்க யார் மேலே ஏறுவது என்பதே அக்கூட்டத்தில் முதலிற் பேசப்படும் பொருளாகிவிடுகின்றது.